ஜோக்கருக்கு இரண்டு ஆஸ்கார், சூப்பர் ஹீரோவுக்கு ஒன்றுமில்லை: இது நியாயமா?

பால்கனி டிக்கெட்

நேற்று ராத்திரி சாப்பிடும்போது தம்பியோடு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறேன். சூப்பர் ஹீரோ படத்தில் நடிப்பவர்களுக்கு நடிப்புக்கான ஆஸ்கார் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் விஷயம். அவன் "அதான் கொடுத்துட்டாங்களே, ஜோக்கருக்கே ரெண்டு தடவை" என்கிறான். கொடுத்தார்கள்தான், பேட்மேன் கதைகளின் வில்லன் ஜோக்கராக நடித்த இருவருக்கு. ஹீத் லெட்ஜருக்கு 'தி டார்க் நைட்' படத்துக்காக 2009இல் துணை நடிகர் விருது, வாக்கின் ஃபீனிக்ஸுக்கு 'ஜோக்கர்' படத்துக்காக 2020இல் சிறந்த நடிகர் விருது. அப்புறம் 2023இல் ஏஞ்சலா பாசெட்டுக்கு 'பிளாக் பேந்தர்' இரண்டாம் பாகத்துக்காக ஒரு பரிந்துரை. அதோடு சரி. உலகம் முழுக்க இத்தனை வருடம் கல்லா நிரப்பிய படங்களின் நடிப்புக் கணக்கு இந்த மூன்று பேரோடு முடிந்துபோகிறது.

இந்த மூவரில் ஒருவர்கூட சூப்பர் ஹீரோ இல்லை என்பதைப் பாருங்கள். இருவர் நடித்தது ஒரே வில்லன், ஒருவர் மகனைப் பறிகொடுத்த ராணி. கேப் கட்டினவன், இரும்புக் கவசம் போட்டவன், சுவரில் ஏறினவன் எவனையும் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. ஃபீனிக்ஸ் படத்தில் சூப்பர் ஹீரோ என்று ஒரு ஆளே கிடையாது, பின்னால் பேட்மேன் ஆகப்போகும் புரூஸ் வெய்ன் சின்னப் பையனாக வந்துவிட்டுப் போகிறான். "கொடுத்தாச்சு" என்பதே பாதிப் பொய் என்பது என் கட்சி. நீங்கள் சொல்லுங்கள்.

கறார் கண்ணாயிரம்

சேர்க்காததுதான் சரி என்பது என் கட்சி. இந்தப் படங்களில் நாயகனுக்கு எதுவும் ஆகாது. அடுத்த படத்துக்கும் அதற்கு அடுத்ததுக்கும் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, செத்தாலும் திரும்பி வருவான் என்று நமக்கும் தெரியும், நடிப்பவருக்கும் தெரியும். பயமே இல்லாத இடத்தில் என்ன நடிப்பு? கண் கலங்கப் போகிறது என்று தோன்றும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் ஒரு ஜோக் அடித்துவிடுவான். பிறகு கிராஃபிக்ஸ் சேர்ப்பதற்காக எதிரே பச்சைத் துணி, எதிரி நிற்கவேண்டிய இடத்தில் குச்சியில் ஒரு டென்னிஸ் பந்து. அதைப் பார்த்து முறைப்பதற்கு ஆஸ்காரா?

லெட்ஜர் விஷயத்தையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரியில் அவர் இறந்துபோகாமல் இருந்திருந்தால் அந்தச் சிலை அவர் வீட்டுக்குப் போயிருக்காது. அனுதாப ஓட்டு. தேர்தல் பார்த்தே வளர்ந்த நமக்கு இதுகூடப் புரியாதா?

மதுர மச்சான்

கண்ணாயிரம் சார், மனசாட்சியோடு பேசுங்கள். லெட்ஜர் நர்ஸ் கவுன் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவாரே, பாதி வெடித்து நின்றதும் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அது வெடி நிஜமாகவே சொதப்பியதால் அந்த நிமிடத்தில் அவராகவே செய்தது. அனுதாபமாம்!

கீஃப்ரேம்

மச்சான், அது ரொம்ப நாளாகச் சுற்றும் கட்டுக்கதை. அந்த இடைவெளி முன்கூட்டியே திட்டமிட்டது. சிகாகோவில் பிராக்ஸ் மிட்டாய்க் கம்பெனியின் பழைய கட்டடத்தை நிஜமாகவே தகர்த்தார்கள், கிராஃபிக்ஸ் இல்லை. ஆனால் கதை பொய் என்பதால் லெட்ஜரின் மதிப்பு குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும். முதுகுக்குப் பின்னால் ஒரு நிஜக் கட்டடம் சரியப்போகிறது, இன்னொரு டேக் போக வழியில்லை, அதை வைத்துக்கொண்டு எதுவுமே திட்டமிடாத மாதிரி, பழுதான டிவி ரிமோட்டைத் தட்டும் தாத்தா மாதிரி நிற்கிறார். தற்செயலாக நடந்ததைவிட இது கஷ்டம்.

டென்னிஸ் பந்து பற்றி. நான் சென்னையில் வி.எஃப்.எக்ஸ் வேலை பார்ப்பவன், ஆறு வருடம் ரோட்டோ மட்டுமே செய்திருக்கிறேன். ரோட்டோ என்றால் நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக வெட்டி எடுப்பது, ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே முகத்தை, ஒரே நாலு விநாடியை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் படம், யார் முகம் என்று சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒன்று சொல்கிறேன், பொய்யாகப் பார்ப்பவர் யார் என்று மூன்றாவது நாளே தெரிந்துவிடும். சிலருக்குக் கண் பந்திலேயே நின்றுவிடும், அதைத் தாண்டி எதுவும் இருக்காது. சிலருக்கு அந்த இடத்தில் நிஜமாகவே முப்பதடி உயரத்தில் ஒன்று நிற்கிற மாதிரி கழுத்து நரம்பு முதலில் இறுகும், கண் பிறகுதான் மேலே போகும். அந்த வரிசையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வெற்று அறையில் நின்று அதைச் செய்பவரை "முறைக்கிறார்" என்று தள்ளிவிடாதீர்கள் சார்.

ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஒரு தோட்டா தருகிறேன். திரையில் நாம் பார்க்கும் அந்த உடம்பு பல நேரம் ஒரே ஆள் இல்லை. குதிப்பவர் ஸ்டண்ட் கலைஞர், பறப்பது கணினியில் செய்த டூப், தரையில் இறங்கி நிமிர்கிற கடைசி அரை விநாடிதான் நடிகர். ஸ்டண்ட் வடிவமைப்புக்கென்று தனி ஆஸ்கார், 2027இல் வரும் படங்களிலிருந்துதான் தொடங்கப் போகிறது. இத்தனை வருடம் அவர்கள் உழைப்பெல்லாம் நடிகர் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது.

கறார் கண்ணாயிரம்

ஆக, அரை விநாடி நடிகருக்கு ஆஸ்கார் கேட்கிறீர்கள். நன்றி, உங்கள் தோட்டாவைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

ஸ்கார்பரோ குளிர்

கண்ணாயிரம் அண்ணை, அனுதாப வாக்கு என்று சும்மா கதைக்க வேண்டாம். இறந்தபிறகு நடிப்புக்குப் பரிந்துரை கிடைத்தவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜேம்ஸ் டீனுக்கு இரண்டு முறை, இரண்டும் தோல்வி. ஸ்பென்சர் டிரேசி, ரால்ஃப் ரிச்சர்ட்சன், மாசிமோ ட்ரோய்சி, எல்லாரும் தோல்வி. வென்றது இரண்டே பேர், 1977இல் பீட்டர் ஃபின்ச், பிறகு லெட்ஜர். அனுதாபம் அவ்வளவு பெரிய வாக்கு வங்கி என்றால், 'பிளாக் பேந்தர்' நாயகனாக நடித்து இறந்துபோன சாட்விக் போஸ்மனுக்கு 2021இல் கிடைத்திருக்க வேண்டுமே? அந்த வருடம் சிறந்த நடிகர் விருதைக் கடைசியாக அறிவிக்க நிகழ்ச்சி வரிசையையே மாற்றினார்கள், உலகமே போஸ்மன் பெயரை எதிர்பார்த்துக் கொண்டிருந்தது, உறையைப் பிரித்தால் அந்தோணி ஹாப்கின்ஸ். அவரோ மண்டபத்திலேயே இல்லை.

எனக்குள்ள கோபம் வேறு. பாசெட் தோற்றது யாரிடம்? ஜேமி லீ கர்டிஸிடம், 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்காக. அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? சலவைக்கடை நடத்தும் ஒரு அம்மா பல பிரபஞ்சங்களிலிருந்து சக்தியை வரவழைத்துச் சண்டை போட்டு உலகைக் காப்பாற்றுகிறார். ஒரு பிரபஞ்சத்தில் மனிதருக்கு விரல்களே ஹாட்டாக். தயாரிப்பாளர்களில் இருவர் 'அவெஞ்சர்ஸ்' எடுத்த ரூஸோ சகோதரர்கள். அதற்கு ஏழு ஆஸ்கார், அதில் மூன்று நடிப்புக்கு! அந்த மூன்று நடிப்பிலும் எனக்குக் குறை இல்லை, மிஷெல் யோவைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் பல பிரபஞ்சம், சக்தி, சண்டை எல்லாம் இருந்தும் அதை ஒருவரும் சூப்பர் ஹீரோ படம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் காமிக்ஸ் கம்பெனி முத்திரை இல்லை. அப்போது பிரச்சினை வகையிலா, முத்திரையிலா? எனக்கு விளங்கவில்லை.

மதுர மச்சான்

ஹாட்டாக் விரலுக்கு ஆஸ்கார், இரும்புக் கைக்கு இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேஷக்காரன்

எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து நடக்கும், சித்தப்பா துரியோதனன் கட்டுவார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தது, லேசான மரம்தான், ஆனாலும் விடிய விடியச் சுமந்தால் தோள் கன்றிப்போகும். முகத்தில் அரை விரல் கனத்துக்கு அரிதாரம். புருவம் அசைந்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது. அப்படியும் அந்த ஆள் பதினெட்டாம் போர் அன்று தனியாக நிற்கும்போது, கொஞ்ச நேரம் முன்னால்வரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த கிழவிகளே மூக்கைச் சிந்துவார்கள். எதால்? கால் வைக்கிற விதம், மூச்சு, குரல் உடைகிற இடம். அதனால் முகமூடி போட்டால் நடிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஆஸ்கார்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 'டிக் ட்ரேசி' என்ற காமிக்ஸ் படத்தில் அல் பசினோ முகம் முழுக்க ரப்பரை ஒட்டிக்கொண்டு கூன் போட்டுக் கத்துவார், அதற்குத் துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது. 1990 படம். அவரும் வில்லன்தான் என்பதைக் கவனியுங்கள், தொடங்கியவர் சொன்னதோடு பொருந்துகிறது.

ஏ சென்டர்

கண்ணாயிரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? என்ன கூப்பாடு போட்டோம்! படம் அதேதான், கவசம் அதேதான், கிராஃபிக்ஸ் அதேதான், விஜய் சேதுபதியும் சாதாரண நடிகர் இல்லை. ஆனாலும் வருடக்கணக்காகப் பழகிய டோனி ஸ்டார்க் அந்த உதட்டுக்குள் இல்லாமல் போய்விட்டார். கவசமும் கணினியும்தான் எல்லாம் என்றால் நாம் ஏன் கோபப்பட்டோம்? அந்தப் பழைய தமிழ்க் குரல்காரருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனியின் வேகத்தை, வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவதை அவர் பிடித்து வைத்திருந்தார். அதெல்லாம் நடிப்பு இல்லாமல் வேறென்ன?

கறார் கண்ணாயிரம்

இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த டவுனியே 'எண்ட்கேம்' சமயத்தில் எனக்காக விருதுப் பிரசாரம் வேண்டாம் என்று பேட்டியில் சொன்னவர். பிறகு 'ஓப்பன்ஹைமர்' படத்துக்கு 2024இல் வாங்கிக்கொண்டார். எது விருதுக்கான வேலை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

பால்கனி டிக்கெட்

தெரிந்தது நடிப்பின் தரம் இல்லை சார், கடையின் நிலவரம். பரிந்துரைப் பட்டியலை நடிகர் பிரிவு உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்கிறார்கள், இறுதிச் சுற்றில்தான் மற்ற எல்லோரும் வருகிறார்கள். அந்த நடிகர்கள் கண்ணில் படுவதற்கே விளம்பரம், தனித் திரையிடல், விருந்து என்று ஸ்டூடியோ கொட்ட வேண்டும். வசூலில் கொழுத்த படத்துக்கு இதையும் ஏன் செய்ய வேண்டும் என்று அவர்களே விட்டுவிடுகிறார்கள், வராத பரிந்துரையைக் காட்டி "பார், தகுதியில்லை" என்று நாம் சொல்கிறோம்.

நடிகர் பிரிவுக்கு 2022இல் சூர்யாவுக்கும் 2025இல் கமலுக்கும் அழைப்பு போனது. 'தசாவதாரம்' மேக்கப்புக்குள் உட்கார்ந்து எழுந்த கமலிடம் போய் "ரப்பருக்குள் என்ன நடிப்பு" என்று யாராவது கேட்டால் அந்த மூன்று மணி நேர பதிலை நான் டிக்கெட் எடுத்துக் கேட்பேன்.

ஜன்னல் சீட்

எதுக்கு இந்த அடிதடி, இந்தப் படங்களுக்கு என்று ஒரு தனி விருது வைத்துவிட்டால் போச்சு.

ஸ்கார்பரோ குளிர்

வைக்கப் பார்த்தார்கள். 2018 ஆகஸ்டில் மக்கள் அபிமானப் படம் என்பதுபோல ஒரு பிரிவை அறிவித்து, எல்லாரும் சேர்ந்து ஏசினதில் ஒரே மாதத்தில் மடக்கி வைத்துவிட்டார்கள். அந்த வருடம் 'பிளாக் பேந்தர்' முதல் பாகம் நேர் வாசலாலேயே சிறந்த படப் பரிந்துரைக்குள் போனது, சூப்பர் ஹீரோ படங்களில் அதுதான் முதல். திரை நடிகர் சங்கம் அதன் நடிகர் குழு முழுவதுக்கும் சேர்த்து விருதே கொடுத்தது. தனிப் பந்தி போடுவது மரியாதை இல்லை அண்ணை.

தொலைக்காட்சியில் இந்தத் தீட்டும் குறைவு. 'வாட்ச்மென்' தொடருக்கு ரெஜினா கிங் 2020இல் எம்மி வாங்கினார். அவர் அதில் முகமூடி போட்ட போலீஸ், கெட்டவர் இல்லை. பேட்மேன் வில்லன் ஒருவனைப் பற்றிய 'தி பெங்குயின்' தொடருக்குக் காலின் ஃபாரல் கோல்டன் குளோப் வாங்கினார், அவரோடு நடித்த கிறிஸ்டின் மிலியோட்டி 2025இல் எம்மி வாங்கினார். எட்டு மணி நேரம் கிடைத்தால் நடிப்பதற்கு இடமும் கிடைக்கிறது போல.

மதுர மச்சான்

அப்படிப் பார்த்தால் 'புஷ்பா'வுக்கு அல்லு அர்ஜுனுக்குத் தேசிய விருது கொடுத்தது சரி என்கிறீர்களா? 'ஜெய் பீம்' வந்த அதே வருடம்!

மட்டுறுத்துநர்

வேண்டாம். தேசிய விருதுச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அங்கே போங்கள். இதற்குக் கீழே வந்த பதினோரு பதில்களை அங்கே நகர்த்திவிட்டேன்.

வேஷக்காரன்

மட்டுறுத்துநர் ஐயா, ஒரு நம்ம ஊர் ஆளைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன், இது தலைப்புக்குள்தான் வரும். 'மின்னல் முரளி' என்ற மலையாள சூப்பர் ஹீரோ படத்தில் வில்லனாக வரும் குரு சோமசுந்தரம். டீக்கடையில் வேலை பார்ப்பவன், ஊரே பைத்தியம் என்று ஒதுக்கியவன், மின்னல் தாக்கி சக்தி வருகிறது. அந்தச் சக்தி வந்தபிறகும் அவர் தோளை நிமிர்த்தவே மாட்டார், கவனித்தீர்களா? காதலித்தவள் கடைசியில் ஒத்துக்கொள்ளும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும் அந்த முகம். அதைப் பார்த்தபிறகு நாயகன் டோவினோ வரும் காட்சிகளில் எனக்குக் கவனமே போகவில்லை. டோவினோ நல்ல நடிகர், அவரைக் குறை சொல்லவில்லை.

பால்கனி டிக்கெட்

வேஷக்காரன், நீங்களே என் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டீர்கள். நான் கேட்க வந்ததே இதுதான். ஏன் எப்போதும் வில்லனிடமே நம் கண் போகிறது? ஜோக்கர் வேஷம் கிடைத்தால் நடிகனுக்குச் சிரிப்பு இருக்கிறது, தழும்பு இருக்கிறது, நாக்கைச் சுழற்றலாம், உடம்பை இருபது கிலோவுக்கு மேல் இளைக்கலாம், கழிவறையில் ஆடலாம். எல்லாம் வெளியே தெரிகிற வேலை. ஃபீனிக்ஸின் அந்த ஆட்டம் அபாரம், இசையமைப்பாளரின் செல்லோ இசையைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு அந்த இடத்திலேயே உருவானது, விருதுக்குத் தகுதிதான். ஆனால் நல்லவனாக நடிப்பவனுக்கு என்ன இருக்கிறது? கோணல் இல்லை, கிறுக்கு இல்லை. நிற்க வேண்டும், நாம் நம்ப வேண்டும். கொஞ்சம் பிசகினால் பள்ளிக்கூட நாடகத்து அரிச்சந்திரன் ஆகிவிடுவான்.

கிறிஸ்டோபர் ரீவ், 1978 'சூப்பர்மேன்'. ஜூலியார்டில் படித்த, யாருக்கும் தெரியாத மேடை நடிகர். ராத்திரி வானத்தில் காதலி லோயிஸைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டுத் திரும்பியதும், சூப்பர்மேன் மறைந்து வாழும் கண்ணாடிக்காரன் கிளார்க் கென்ட்டாக அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவள் உள்ளே ஏதோ எடுக்கப் போயிருக்கிறாள். இவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். தோள் மெல்ல விரிகிறது, கழுத்து நீள்கிறது, ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கிறது, குரல் கீழே இறங்குகிறது, உண்மையைச் சொல்லிவிடப் போகிறார். அவள் திரும்பி வரும் சத்தம். துணிச்சல் போய்விடுகிறது, கண்ணாடி ஏறுகிறது, தோள் விழுகிறது, மறுபடி கிளார்க். வெட்டு இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை, ஸ்டண்ட் ஆள் இல்லை. கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாதாம், என்ன அபத்தம் என்று உலகமே கேலி செய்த ஒரு காமிக்ஸ் வித்தையை, ஒரு மனிதன் உடம்பை மட்டும் வைத்து நம்பவைத்துவிட்டான். பிரிட்டனில் பாஃப்டா அவருக்கு நம்பிக்கையூட்டும் புதுமுகம் விருது கொடுத்தது. ஆஸ்கார் அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்டுக்குச் சிறப்பு விருது கொடுத்தது, அவரைப் பரிந்துரைக்கக்கூட இல்லை.

கண்ணாயிரம் சார், "பயமே இல்லாத இடத்தில் என்ன நடிப்பு" என்று கேட்டீர்களே, அந்த வாசலில் அந்த ஆளுக்கு இருந்தது பயம்தான். குண்டு துளைக்காத உடம்புக்காரன் ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்துபோகிறான். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கீஃப்ரேம்

இப்போதுதான் அதைப் போட்டுப் பார்த்தேன். வெட்டி எடுக்க எனக்கு ஒரு வேலையும் இல்லாத ஷாட், அதிலேயே சந்தோஷம்.

கறார் கண்ணாயிரம்

பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று தடவை பார்த்தேன். குரல் இல்லாமலே தெரிகிறது, சரி.

இப்போதும் நான் ஆஸ்கார் கொடுக்க மாட்டேன், அந்த வருடம் ஜான் வாய்ட் வாங்கினார், 'டீர் ஹன்டர்' டி நீரோவுக்கே கிடைக்கவில்லை. ஆனால் ஐந்து பேர் பட்டியலில் யாரை எடுத்துவிட்டு ரீவை வைக்கலாம் என்று உட்கார்ந்து தேடினேன். வாய்ட், டி நீரோ, லாரன்ஸ் ஒலிவியர், கேரி பியூஸி, ஐந்தாவது வாரன் பீட்டி. பீட்டியின் படக்கதை என்ன தெரியுமா? தேவதூதன் அவசரப்பட்டு உயிரை எடுத்துவிட்டதால் ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரன் சொர்க்கம்வரை போய், வேறொரு பணக்காரன் உடம்புக்குள் பூமிக்குத் திரும்பி வருகிறான்.

சொர்க்கத்திலிருந்து வந்தவனுக்குப் பரிந்துரை உண்டு, கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்த சூப்பர்மேனுக்குக் கிடையாதாம். பீட்டியை எடுத்துவிடுங்கள். உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், அனுதாப ஓட்டு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் இறங்கி வரவில்லை.